விமானத்தின் மூக்கில் வீட்டுச் சாவி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகு வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒளித்து வைக்காமல் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு அலுப்புதான். இரண்டு ஷிப்டு சேர்ந்து வந்தால் படுக்கையைக் கண்டாலே போதும் என்றிருக்கிறது.

அதற்கு நடுவிலும், பார்சலில் வரும் ஃபோமை அறுத்து ஒட்டிய அந்த ரிமோட் ஜெட் விமானத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். வேகம் வேண்டுமென்று பின்னால் பெரிய மோட்டாரை மாட்டினேன், வால் கனத்துவிட்டது. "மூக்குல கனமா ஏதாவது ஒட்டுங்கண்ணே, இல்லேன்னா மல்லாந்துடும்" என்றான் என் அறையில் இருக்கும் வெல்டர். கைக்கு அகப்பட்டது நம் வீட்டுச் சாவி. மூக்கில் வைத்து டேப் சுற்றினேன். அளந்து செய்த மாதிரி சமமாக நின்றது.

என்னமாய்ப் பறந்தது தெரியுமா! வாயைப் பிளந்து நின்றதில் பேட்டரி தீர்ந்துகொண்டிருப்பதை மறந்துவிட்டேன். நேரே போய் எங்கள் கிடங்கின் கூரையில் உட்கார்ந்துவிட்டது. ஏணி கேட்டேன். "பொம்மைக்கெல்லாம் மேல ஏற விட முடியாதுப்பா" என்றார் காவலாளி. வேலைக்குப் போகும்போதெல்லாம் வால் மட்டும் தெரிகிறது.

நீ பூட்டை மாற்ற வேண்டாம். அது எந்த வீட்டுச் சாவி என்று இங்கே யாருக்குத் தெரியும்? லீவு மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் இன்னொரு சாவியைக் கொடுத்து அனுப்பு. "அங்க எந்தக் கதவைத் திறக்கப் போறீங்க?" என்பாய். எதையும் இல்லை. பாக்கெட்டில் கை விட்டால் ஒன்றும் தட்டுப்படுவதில்லை, அதுதான்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வருகிறேன்.