ஆறு தங்கைகளுக்கு ஒரே நாளில் கல்யாணம்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன்,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர், கோடிங் ஒரு வரிகூடத் தெரியாமல், போனில் கட்டங்களை இழுத்துச் சேர்த்தே ஒரு ஏஐ ஆப் செய்துவிட்டார். தமிழில் பேசினால் இங்கத்து மொழியில் லீவு லெட்டர் எழுதித் தரும். மாதிரிக்குத் தன் தங்கைகள் கல்யாணத்துக்கு எழுதிய பழைய லெட்டர்களையே கொடுத்திருந்தார். முதல் நாள் லீவு கேட்ட எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கும் தங்கை கல்யாணம் என்றே எழுதிவிட்டது.

“ஒரே நாள்ல இத்தனை தங்கச்சிக்கா கல்யாணம்?” என்று சூப்பர்வைசர் சிரித்தார். வெல்டர் அசரவில்லை. எங்கள் பழைய லெட்டர்களையும் வாங்கிச் சேர்த்து, டீ நேரத்துக்குள் சரிசெய்துவிட்டார். கெட்டிக்காரர்!

நானும் பேசிப் பார்த்தேன். காரணம் கேட்டது. “வீட்டைப் பார்க்கணும்போல இருக்கு” என்றேன். அழகாக எழுதித் தந்தது.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். போன வருஷம் வரைந்தது இப்போது பத்தாது.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. அந்த லீவு லெட்டரில் தேதி மட்டும்தான் பாக்கி.