அக்காவுக்கு ஏறாத இரும்பு

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பீங்கான் யூனிட்டுல ஒரு அகலும் காயல. கார்த்திகை ஆர்டர் தலைக்கு மேல கெடக்குது, பலகை பலகையா ஈர விளக்கு. ஓனரு வானத்தப் பாத்து திட்டுறாரு. வானம் திரும்பித் திட்டாததால என்னத் திட்டுறாரு.

காலையில அக்காவ பி.எச்.சி. கூட்டிப் போனேன். எட்டாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சி நம்ம வூட்டுக்கு வந்ததுலேருந்து சோறு எறங்கல. கொல்லைக்குப் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. நர்சம்மா கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க.

"என்னாம்மா, உள்ள வெள்ளையடிச்சி வெச்சிருக்க?"

விரல்ல குத்திப் பாத்தா ரத்தம் ஏழு கூட இல்ல.

"சத்து மாத்திரை போடுறியா இல்லியா?"

"போடுறேங்க்கா."

"எதோட?"

"டீயோட."

நர்சம்மா தலையில கைய வெச்சிக்கிட்டாங்க.

சொன்னது, மறந்துடக் கூடாது:
- இரும்பு மாத்திரை டீ, காப்பி, பாலோட வேணாம். போட்டாலும் ஒடம்புல சரியா ஏறாது. எலுமிச்சம்பழத் தண்ணியோட போடணும்
- கால்சியம் மாத்திரை வேற வேளை. ரெண்டும் ஒன்னா போனா சண்ட
- மாத்திரைய மட்டும் நம்பக் கூடாது. கீரை, முட்டை, ஈரல், கம்பு. சோறு ஒழுங்கா தின்னாதான் மாத்திரைக்கும் மரியாத
- வெளிக்கி கருப்பா போவும், பயப்படாத

கிளம்பறப்ப என்ன மட்டும் தனியா கூப்பிட்டு, "தம்பி, இப்படியே பிரசவத்துக்குப் போனா கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்க மாட்டா. அம்மாகிட்ட பக்குவமா சொல்லு"ன்னாங்க. எனக்கு எங்க வருது பக்குவம். சொல்லல.

வெளிய வந்ததும் அக்கா டீ கேட்டா. கத்துனேன். ரோட்டுலயே அழுதா. பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன், வாய மூடிக்கிட்டா.

செருப்பு அறுந்துடுச்சி. தைக்கணும்.

நவம்பர் 6, வியாழன்

தூறல். அக்காவுக்கு நல்லதுன்னு ஜிம்முல ஒருத்தன் ஒரு டப்பா தலையில கட்டிட்டான். சத்து பவுடராம். பின்னாடி பொடி எழுத்துல இரும்பு, கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம், தாமிரம், அயோடின். பாலிடெக்னிக் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி புக்கு மாதிரியே இருக்குது. அதுல நான் ஃபெயிலு. அதோட படிப்பே போச்சு.

நர்சம்மாவுக்கு ஃபோட்டோ அனுப்புனேன். ஒடனே போனு.

"இரும்பையும் கால்சியத்தையும் ஒரே ஸ்பூன்ல போட்டு, அதையும் பால்ல கலக்கிக் குடின்னு எழுதியிருக்குது. அன்னிக்கி நான் சொன்னது காதுல வுழுந்துதா இல்லியா?"

வுழுந்துது. சத்துன்னா எல்லாம் சத்துதானேன்னு நெனச்சிட்டேன். டப்பா இப்ப பரண் மேல.

முருங்கக்கீரை ஆஞ்சது நானு. அம்மா பொரிச்சி வெச்சாங்க. அக்கா ரெண்டு வாய். மீதி எனக்கு. என் ரத்தம் நல்லா ஊறுது, தண்டமா.

மாமா துபாயிலேருந்து வீடியோ கால். "மச்சான், பாதாம் வாங்கிக் குடு, குங்குமப்பூ வாங்கிக் குடு." கொழந்த செவப்பா பொறக்கணுமாம். இங்க பெக்கப் போறவளே வெளுத்துப் போயி கெடக்குறா.

அக்கா படுத்துக்கிட்டே: "நாளைக்கும் ஒடஞ்ச அகலு கொண்டாடா. சுடாதது. கோலத்துக்கு."

"மழையில எங்க கோலம் போடப் போற?"

"நிக்கட்டும். நின்னா போடுவேன்."

நவம்பர் 8, சனி

யூனிட்டுல கரண்ட்டு இல்ல. மத்தியானமே வூட்டுக்கு வந்துட்டேன்.

கொல்லையில அக்கா. தொவைக்கிற கல்லு மேல உக்காந்துக்கிட்டு. கையில நான் நேத்து கொண்டாந்த அகலு. முறுக்கு கடிக்கிற மாதிரி கடிக்கிறா. கடுக்குன்னு சத்தம். ஒதட்டோரம் வெள்ளையா.

இத்தன நாளும் கோலமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல.

புடுங்கி எறிஞ்சேன்.

"டேய் டேய், தூக்கிப் போடாதடா! மொத மழை வாசம்டா அது. நெனச்சாலே நாக்கு ஊறுது. ஒன் மாத்திரை போட்டா ஆணிய நக்குன மாதிரி இருக்குது, கொமட்டிக்கிட்டு வருது."

"எத்தினி நாளா மாத்திரை போடல?"

அவ கண்ணு கொல்லை மூலைக்குப் போச்சி. தென்ன மரத்தடியில பாத்தா செவப்பு செவப்பா கரைஞ்சி கெடக்குது மாத்திரை. தென்ன மரத்துக்கு ரத்தம் ஏறியிருக்கும்.

அம்மாகிட்ட கத்துனேன். அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமாம்!

"வாயும் வயிறுமா இருக்கறவ ஆசப்படுறா. நானுந்தான் ஒன்ன சொமக்கறப்ப தின்னேன்."

"அதான் நான் இப்படி பொறந்திருக்கேன்."

"மண்ணுல இல்லாத சத்தாடா மாத்திரையில இருக்குது? எல்லாம் மண்ணுலேருந்துதானடா வருது."

கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம மண்ணு என்னா மண்ணுன்னு எனக்குத் தெரியும். யூனிட்டுல என் வேலையே அதான். களிமண் கரைசல காந்தத்து மேல ஓட வுடணும். இரும்புத் தூளு இருந்தா சூளையில வெந்ததும் விளக்குல கருப்புப் புள்ளி வுழும், மாலு ரிஜெக்ட். அதனால இருக்கற தூளையெல்லாம் காந்தத்த வுட்டு உருவி எடுத்துட்டுதான் அச்சுல ஊத்துறோம். வெள்ள வெளேர்னு வரணும்.

இரும்ப உருவுன மண்ணு. அதப் பையில போட்டு தெனமும் கொண்டாந்து குடுத்தவன் நானு.

சாப்பிடல. அம்மாவும் கூப்பிடல.

நவம்பர் 10, திங்கள்

மூட்டம். நர்சம்மாகிட்ட சொன்னேன். அதிசயப்படக் கூட இல்ல. அக்காவ உக்கார வெச்சி மெதுவாத்தான் பேசுனாங்க.

"வெக்கப்படாத. நீ ஒருத்தி மட்டும் தின்னல. ரத்தம் கொறஞ்ச ஒடம்பு மண்ணு கேக்கும். மண்ணத் தின்னா அது வயித்துல இருக்கற இரும்பயும் புடிச்சிக்கும். இன்னும் கொறையும். இன்னும் கேக்கும்."

"வுட்டுடுறேங்க்கா."

திரும்ப விரல்ல குத்துனாங்க. போன வாரத்த விடக் கம்மி. இனிமே மாத்திரை, கீரைன்னு ஓட்ட நேரமில்ல, ஜி.எச்.ல சேத்து ரத்தம் ஏத்தணும்னு சீட்டு எழுதிட்டாங்க.

ஆட்டோவுல அக்கா என் தோள்ல சாஞ்சிக்கிட்டு, "கொழந்தைக்கு ஒன்னும் ஆவாதுல்லடா?"

ஆவாதுன்னேன். எனக்கு என்னா தெரியும். கெமிஸ்ட்ரி ஃபெயிலு.

நவம்பர் 12, புதன்

ஜி.எச். வெளிய கொசு, உள்ள ஃபினாயில் நாத்தம். அக்கா குரூப்பு எனக்கும் ஒத்துது. குடுத்தேன். கீரையெல்லாம் நான் தின்னது இதுக்காவது ஆச்சேன்னு சொன்னேன். அக்கா சிரிச்சா. ஈறு கூட வெள்ளையா இருந்துது.

ஒரு பாட்டில் ஏறுனதும் கொஞ்சம் தெளிவு. என்னக் கிட்ட கூப்பிட்டா. காதுல, "ஒன்னே ஒன்னுடா. சின்ன அகலு. சத்தியமா கடைசி."

எழுந்து வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன், திரும்புனேன். திட்டக்குடி பஸ்ஸுல ஏறிடலாமான்னு கூட நெனச்சேன். அங்க எனக்கு யாரும் இல்ல.

நவம்பர் 13, வியாழன்

விடிஞ்சதும் வலி. நாளே ஆவல. கொழந்த எடையும் பத்தல, ரத்தமும் பத்தல, பெரிய ஆசுபத்திரிக்குப் போயிடுங்கன்னு டாக்டரம்மா. ஆம்புலன்ஸு வந்துது.

அக்காவ ஏத்தறப்ப ஒரு கைய மட்டும் இறுக்கி மூடிக்கிட்டா. ஊசி போடணும், கைய விரிம்மான்னு சிஸ்டர் கெஞ்சுறாங்க. விரிக்கல. கடைசியில அவங்களே விரல ஒவ்வொன்னா பிரிச்சாங்க.

ஒடஞ்ச அகலோட வெள்ளத் துண்டு. வேர்வையில கொழஞ்சி உள்ளங்கையெல்லாம் ஒட்டியிருக்குது.

நான் குடுக்கல. அம்மாவப் பாத்தேன். அம்மா முந்தானைய கையில சுருட்டிக்கிட்டு தரையப் பாத்தாங்க.

"கேட்டாடா. இந்த மாதிரி நேரத்துல கேக்கறா. எப்படிடா இல்லன்னு சொல்லுவேன்."

திட்ட வாய் வந்துது. அம்மா ஒதட்டோரத்துலயும் வெள்ள. திட்டல.

கூட ஒருத்தருக்குதான் எடம். அம்மா ஏறிக்கிட்டாங்க. கதவ சாத்திட்டாங்க.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். பளீர்னு. இத்தன நாளு எங்க போயிருந்துதோ.

நேத்து சாயங்காலத்துலேருந்து அம்மா போனு ஸ்விட்ச் ஆஃப். மாமா அங்கேருந்து எனக்கு அடிச்சிக்கிட்டே இருக்காரு. எடுக்கல. எடுத்து என்னா சொல்ல.

வூட்டுல இருக்கவும் முடியல, பெரிய ஆசுபத்திரிக்குப் போவவும் தைரியமில்ல. யூனிட்டுக்கு வந்துட்டேன். முற்றம் பூரா அகலு காயுது. ஓனரு வாயெல்லாம் பல்லு. "என்னாடா, அக்காவுக்கு ஆச்சா?" தலைய ஆட்டுனேன், ஆமாவும் இல்ல, இல்லியும் இல்ல.

"சரி, மசமசன்னு நிக்காத. காந்தத்தக் கழுவு. அடுத்த கலவ வருது."

கழட்டுனேன். சேறு மாதிரி கருப்பா அப்பிக்கிட்டு இருந்துது இரும்பு. ஒரு கைப்புடி தேறும். வழிச்சி உள்ளங்கையில வெச்சிக்கிட்டு நின்னேன்.

அப்புறம் குழாயத் தொறந்து அதுக்கு அடியில கைய நீட்டுனேன்.