கரடியின் தொப்பியை நான் நேராக்கிவிட்டேன்

என் ஸ்டெல்லாக் கண்ணு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, உங்கள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு விவேக் நகரில் உன் வீட்டுக்குப் போய்வந்தேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், உனக்குத் தெரியாததா?

நீ கண்ணை மூடி மூன்று வாரம் ஆகிறது. ஆபீசில் உன் நாற்காலியில் யாரோ காகிதப் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன். மறுநாள் திரும்ப ஏறி உட்கார்ந்திருந்தது. யாரிடம் சண்டை போடுவது?

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று என் வீட்டில் இன்னும் யாருக்கும் புரியவில்லை. பொம்மைக்குத் தொப்பி வைக்கிற வேலை என்று என் தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒருவகையில் சரிதானே? டிவியில் வரும் பொம்மைப் படத்துக்குக் கரடியை வேறு யாரோ வரைகிறார்கள். தொப்பி தனிப் படம். ஒவ்வொரு படத்திலும் கரடியின் தலையில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி உட்கார வைப்பது நாம். இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி என்று மூலையில் இரண்டு எண்கள் தெரியும். எனக்கு அந்த எண்கள்தான் சாமி. நீ அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாய்.

“கண்ணுக்கு சரின்னா சரிதான்க்கா.”

“உன் கண்ணக் கழட்டி கிளையண்டுக்கு அனுப்ப முடியுமாடீ?”

இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம். உனக்குக் காய்ச்சல் என்று நீ வராத அன்றுகூட போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், ஒரு காட்சியைக் கம்ப்யூட்டரில் எந்தப் பெயரில் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்டேன். நீ பெயரைச் சொன்னாய். இரண்டு தடவை இருமினாய். அந்த இருமல் என் காதை விட்டுப் போகவில்லை.

போன புதன்கிழமை உன் மெஷினைத் திறந்தேன். தபால்காரக் கரடி மூன்று படி ஏறித் திரும்பிப் பார்க்கும் காட்சி, நீ கடைசியாக முடித்தது. அறுபத்து நான்கு படங்கள். முதல் படத்தில் தொப்பி நடுவில் இருந்தது. ஐந்தாவதில் மூன்று புள்ளி இடப்பக்கம். எட்டாவதில் ஐந்து புள்ளி. பதினோராவதில் தலைக்கும் தொப்பிக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம்.

காய்ச்சலோடு செய்திருக்கிறாள், கை நடுங்கியிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜென்மம் நான். இதை அப்படியே விடுவேனா? உன் கடைசி வேலையைப் பார்த்து யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று, அறுபத்து நான்கு படங்களிலும் தொப்பியைத் தலையின் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். உன் வேலையாகவே இருக்கட்டும் என்று அதே பெயரில் சேமித்தேன். மனசுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் கோத்து ஓட்டினோம். நம் டைரக்டர் கிரீஷ் சார் நெற்றியைச் சுருக்கினார். “டோப்பி யாக்கெ அல்லாட்தா இல்ல?” என்றார் கன்னடத்தில். தொப்பி ஏன் ஆடவில்லை? ஆடவில்லைதான். ஆணி அடித்த மாதிரி இருந்தது. நீ அவருக்கு ஓட்டிக் காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தாராம். கரடி திரும்பின பிறகும் தொப்பி மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் மெதுவாக வந்து சேருமாம். அந்த மூன்று புள்ளியும் ஐந்து புள்ளியும் நடுக்கம் இல்லை, நீ யோசித்து வைத்தது.

பழைய காப்பி இருக்கிறதா என்று சிஸ்டம் பார்க்கிறவரிடம் ஓடினேன். “அதே பேர்ல சேவ் பண்ணிட்டீங்களே மேடம், பழசு மேலயே ஏறிடுச்சு” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போதிலிருந்து மூன்று முறை திரும்பச் செய்துவிட்டேன். முதல் தடவை தொப்பி குடிகாரன் தொப்பி மாதிரி ஆடியது. இரண்டாம் தடவை கடிகாரம் மாதிரி. மூன்றாம் தடவை எண்களைப் பார்க்கக் கூடாது என்று திரையின் மூலையில் காகிதம் ஒட்டி மறைத்தேன், அரை மணி நேரத்தில் நானே பிய்த்துப் போட்டேன். டேப் செவ்வாய்க்கிழமை டிவிக்காரர்களுக்குப் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் இன்று உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். “எங்க ஸ்டெல்லா செஞ்சது டிவில வருதுன்னு ஃபாதர்கிட்டகூட சொல்லி வெச்சிருக்கேம்மா” என்றார்கள். இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அழிச்சிட்டியா?”

“சரி பண்றேன்னு நெனச்சி அழிச்சிட்டேம்மா.”

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினார்கள். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார்கள்.

“போனா போவுது. நீ இன்னா வேணும்னா செஞ்ச? அவ செஞ்சது எப்டி ஆடுச்சுன்னு கையால காட்டு, அதயாச்சும் நான் பாக்கறேன்.”

கையைத் தூக்கினேன். அப்படியே நின்றுவிட்டது. ஸ்டெல்லா, நான் பார்க்கவே இல்லை. எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர் கோத்து ஓட்டிக் காட்ட முக்கால் மணி நேரம் ஆகும் என்று, நிற்கிற படங்களையும் எண்களையும் மட்டும் பார்த்துத் திருத்தினேன். உன் காட்சியை ஒரு தடவைகூட ஓட விட்டுப் பார்க்கவில்லை.

“பாக்கலியா நீ?”

“பாக்கலம்மா.”

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. “அவகிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாளைக் காலை போய் நான்காம் முறை உட்காருவேன். இனி யாருடைய வேலையாக இருந்தாலும், கை வைப்பதற்கு முன்னால் முழுக்க ஓட்டிப் பார்ப்பேன். இது சத்தியம். உன் அம்மாவுக்கு டேப்பைப் போட்டுக் காட்டும்போது, இந்தத் தொப்பி நான் வைத்தது என்று முதலில் சொல்லிவிடுவேன். ஸ்டெல்லா வைத்தது ரொம்ப நன்றாக இருந்ததாம் என்றும் சொல்வேன். இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்ததாம் என்றுதான் சொல்ல முடியும்.

உன் கூடப்பிறக்காத,
கோமதி அக்கா