கைகள் எடின்பரோவுக்குப் போகவில்லை

கரையோரப் பண்ணை, ஸ்காட்லாந்து
9 செப்டம்பர் 1755

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லாக்லனுக்கு,

உங்கள் கிரிசல் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பாரிஸ் மருத்துவர்கள் என்ன சொன்னாலும், நான் கொடுத்தனுப்பிய கம்பளித் துணியை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டபடி நானும் நம் மகள் மார்சலியும் சேர்ந்து உட்கார்ந்த படம் தயாராகிவிட்டது. சுருட்டி, ஒயின் கப்பலின் தலைவரிடம் கொடுக்கிறேன். அதே கப்பலில் அவளையும் ஏற்றிவிடச் சொல்லியிருந்தீர்கள். படத்தை அந்தப் பிரெஞ்சுப் பிரபுவிடம் காட்டி, அவர் மகனுக்கு இவளை முடிவு செய்யப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் படம் வரைந்த கதையைக் கேளுங்கள்.

ஓவியர் டல்லாக் வந்திருந்தார். உங்கள் தகப்பனாரை வரைந்தவரின் மகன். அந்தப் பழைய மரியாதைக்காகத்தான் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தார். ஆள் நல்லவர், வாய்தான் ஓயாது. "முகத்தை மட்டும் இங்க முடிச்சுக்கறேன் சீமாட்டி. பட்டு உடுப்பை எடின்பரோவுல மரப் பொம்மைக்கு மாட்டி வரைஞ்சுக்கலாம். கைக்கு அங்க ஒரு பொண்ணு இருக்கா. சீமாட்டிங்க எல்லாருக்கும் அவ கைதான்" என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. அதன் காரணத்தை இனியும் மறைக்க முடியாது. வேலைக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒன்பது வருடமாக எழுதிவந்தேனே, அது பொய். அரசருக்கு எதிரான கலகம் தோற்று நீங்கள் பிரான்சுக்குத் தப்பியதும் மாளிகையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதே, அந்த முதல் குளிர்காலத்திலேயே அவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அடுப்பில் எரிக்கச் சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டுவது நான். பூச்சியும் குளிரும் அண்டாமல் ஆடுகளுக்குத் தார் பூசுவது மார்சலி. அந்தத் தார் எவ்வளவு தேய்த்தாலும் நகத்தைவிட்டுப் போகாது. என் கையைப் பார்த்தால், நீங்கள் பிடித்து நடனமாடிய கை இது என்று நம்பமாட்டீர்கள். அதனால் அந்த எடின்பரோப் பெண்ணின் கையே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மார்சலிக்கு இது காதில் விழுந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். "அப்பா யாரோட கையப் பாத்துப் பெருமைப்படணும்? பேசாம அந்தப் பொண்ணையே கப்பல்ல ஏத்திடுங்க. மாப்பிள்ளையையும் அவளே கட்டிக்கட்டும்!" என்றாள். பேச்சில் அப்படியே உங்கள் தாயார்தான்.

ஓவியர் கெஞ்சிப் பார்த்தார். "என் பேரு கெட்டுடும்மா. பெரிய இடத்துப் படத்துல இப்படி ஒரு கையா?" என்றார். அவள் அசையவில்லை. "எங்கம்மா கைய வரையாத படத்துல எனக்கு இடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டாள். நான் திட்டினேன். பிறகு சமையலறையில் தனியாக நின்று அழுதேன், லாக்லன். வருத்தத்தில் இல்லை. இப்படி ஒரு பெண்ணை நாம் பெற்றிருக்கிறோமே என்றுதான்.

முகங்கள் இரண்டு நாளில் முடிந்தன. கைகளுக்கு நான்கு நாள் ஆனது. மார்சலி பிடித்துக்கொள்ள ஓவியர் ஒரு ரோஜாவைக் கொடுத்திருந்தார். அவள் அதைத் தூர வைத்துவிட்டு, தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டாள். "நகத்துல இருக்கறதையுமா வரையணும்?" என்று அவர் கேட்டதற்கு, "அதைத்தான் மொதல்ல" என்றாள். அந்த வாயாடி மனிதர் இருப்பதிலேயே மெல்லிய தூரிகையைத் தேடி எடுத்துக்கொண்டார். எந்தப் படத்திலும் பெயர் எழுதாதவர், இதில் எங்கள் கைகளுக்குக் கீழே தன் பெயரை எழுதியிருக்கிறார். உடுப்பும் பொம்மைக்குப் போட்டு வரைந்ததல்ல. என் கல்யாண நீலப் பட்டு, இடுப்பில் மூன்று இடத்தில் தைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் அவளை அனுப்பத்தான் நினைத்தேன். அங்கே மகாராணி மாதிரி இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். "அங்க போய்க் கையக் கட்டிக்கிட்டு என்னம்மா பண்ணுவேன்?" என்று சிரித்தாள். என்னைத் தனியாக விடக்கூடாது என்று தங்குவதாக எண்ணிவிடாதீர்கள். இந்த மண்ணும் மந்தையும் அவளுடையவை; அவள் சொன்னால் ஊர் கேட்கிறது. அதனால் கப்பலில் படம் மட்டும்தான் வரும். அவள் வரமாட்டாள். நீங்கள் இங்கே கால் வைத்தால் தூக்குமரம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். படத்தை அந்தப் பிரபுவின் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். உயரமாக வேண்டாம். முகங்களை அண்ணாந்து பார்ப்பதற்காக இது வரையப்படவில்லை. படுத்தபடியே நீங்கள் கையை நீட்டினால் எங்கள் கைகள் எட்டுகிற மாதிரி, தாழ்வாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கடவுள் உங்களைக் காப்பாராக.

என்றும் உங்கள் மனைவி,
கிரிசல்