சேர்க்கப்படாத நாற்பத்தொன்பது பேர்

நாள் 212, காலை 7.10
செவ்வாய் தரைநிலையம். பதிபவர் தமயந்தி, நிலவியல் ஆய்வாளர். காற்று இன்னும் ஆறு நாளுக்கு. மேலே சுற்றும் கலத்தில் விமானி நேற்று இறந்துவிட்டார். அங்கே மிச்சம் இருப்பது மருத்துவ உதவியாளன் ரொசாரியோ மட்டும். இறங்கு ஓடத்தை ஓட்டிவந்து என்னை ஏற்றிச் செல்ல அவன் கற்றாக வேண்டும். தூக்கத்தில் பாடம் புகட்டும் தலைக்கவசம் ஒன்று அவனிடம் இருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் பூமி எங்கள் இருவருக்கும் அனுப்பியிருக்கிறது. முகப்புச் சுருக்கம்: தேர்ச்சி தொண்ணூற்றொரு விழுக்காடு. நல்ல செய்தி.

பிற்பகல் 2.40
முழுவதும் படித்தேன். தட்டிப் பார்க்காமல் எந்தக் கல்லுக்கும் நான் பெயர் எழுதுவதில்லை, இதையும் தட்டினேன். கவசம் போடாமல் படித்தவர்களோடு ஒப்பிட்டார்களா? இல்லை. செலவு யாருடையது? கவசத்தைச் செய்த நிறுவனத்துடையது. மூன்றாம் அட்டவணையின் அடியில், பொடி எழுத்தில்: தொடங்கியவர்கள் அறுபது. முடித்தவர்கள் பதினொன்று. அதில் பத்துப் பேர் தேர்ச்சி. மற்றவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அவர்களுக்கு என்ன ஆயிற்று? பூமியைக் கேட்டிருக்கிறேன்.

மாலை 5.05
பதில் இல்லை. ரொசாரியோவிடம் சொன்னால் கவசத்தைப் போடமாட்டான். போடாவிட்டால் நான் செத்தேன். ஒலிவாங்கியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நானும் அதப் படிச்சேன்க்கா. அதுக்காக உங்கள அங்கயே விட்டுட்டுப் போகவா? போட்டுக்கிட்டுப் படுக்கப்போறேன்."

பூமியின் பதில் வரும்வரையாவது பொறு என்று கெஞ்சினேன். இணைப்பை அணைத்துவிட்டான்.

நாள் 213, காலை 6.30
கட்டுரையை எழுதியவரிடமிருந்து: "அந்த நாப்பத்தொம்பது பேரும் நல்லாத்தான் கத்துக்கிட்டாங்க. ஆனா பாடம் முடிஞ்ச பிறகும் அவங்களால அதத் திரும்பத் திரும்பச் செய்யறத நிறுத்த முடியல. அதனால முடிச்சவங்க கணக்குல சேர்க்கல. தயவுசெஞ்சு யாருக்கும் போட்டுடாதீங்க."

ரொசாரியோவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

6.50
வருகிறான். "உயரம் ஆயிரம் மீட்டர். வேகம் சரி." நடுக்கமே இல்லாத குரல். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எண்களைத்தான் சொல்கிறான்.

7.02
விண்வெளி உடைக்குள்ளிருந்து பேசிப் பதிகிறேன். இறங்கிவிட்டான். ஒரு கல்கூடப் புரளவில்லை. கண்ணாடி வழியே தெரிகிறான், கண் திறந்திருக்கிறது. ஓடத்தின் ஏணியில் நின்று கதவைத் தட்டுகிறேன். ரொசாரியோ, திற. தம்பி, இங்கே பார்.

"உயரம் ஆயிரம் மீட்டர். வேகம் சரி."

காலடியில் எஞ்சின் மறுபடி பற்றுகிறது. கைப்பிடியை விடமாட்டேன். அவன் திரும்பிப் பார்க்க