எல்லா வண்டிக்கும் ஒரே எடை

செவ்வாய்க்கிழமை காலை ஆலத்தியூர்ப் பக்கம் இருக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போயிருந்தேன். லாரிகளை எடைபோடும் எடைமேடை அறையில் இருந்த பழைய கணினி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதைக் கழற்றித் தூக்கியபோது உள்ளேயிருந்து வெள்ளைத் தூசு பிடிப்பிடியாகக் கொட்டியது. மழையில் நனைந்த சுவர் மாதிரி ஒரு வாசனை அதற்கு. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை. மூக்கைப் பொத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக வாங்கியிருந்த கணினிப் பெட்டி உள்ளங்கை அகலம்தான். நம் எடைமேடை மென்பொருளை, அதாவது நீ எழுதி நான் இத்தனை வருஷமாக ஒட்டுப்போட்டு வரும் மென்பொருளை, அதில் இன்ஸ்டால் செய்யப் போனேன். இந்தப் பேக்கேஜ் இந்தக் கணினியின் ரகத்துக்கு உரியதல்ல என்று திரையில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். கிளம்புவதற்கு முன்பு நம் கம்ப்யூட்டர் கடையிலேயே அந்தப் பெட்டியிடம் பிராசசர் என்ன ரகம் என்று கேட்டேன். அறுபத்து நான்கு பிட் என்றது. அதை நம்பி அதற்குத் தகுந்த மாதிரி மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி எடுத்துப் போனேன். ஆனால் உள்ளே ஏற்றியிருந்த சிஸ்டம் முப்பத்திரண்டு பிட். நீ எந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக இரண்டு கட்டளை அடிப்பாய். "மிஷினு ஒண்ணு சொல்லும்டி, உள்ள இருக்கறது வேற ஒண்ணு சொல்லும். ரெண்டையும் கேட்டுட்டு அப்பறம் கை வையி" என்பாய். இத்தனை வருஷம் கழித்தும் நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ரகத்துக்குக் கடைசியாகப் பேக்கேஜ் கட்டியது நீதான், ஏழு வருஷத்துக்கு முன்னால். அது இப்போதைய சிஸ்டத்தில் ஓடாது. வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டியிலேயே முதலிலிருந்து கட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் என்ன மாற்றினோம், மாற்றியது யார் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமே, அந்தக் கோப்பைத் திறந்தேன். புதியது மேலே, பழையது கீழே. இறங்கிப் போகப் போக என் பேர், என் பேர், என் பேர். அதற்கும் கீழே உன் பேர். நீ எழுதிய கடைசிக் குறிப்பு மூன்றே வரி. "ரகம் சொல்லும் வரி தவறு. எடை வாசிக்கும் நிரல் இந்தப் பெட்டியிலேயே கட்டப்பட்டது. தவறு என்னுடையது."

தவறு உன்னுடையது இல்லை. என்னுடையது. அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது அரியலூர்க் கடையில் நான் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தை, வேலை தேடித் திருப்பூரில் அலைந்துகொண்டிருந்த வீட்டுக்காரர், அரைத் தூக்கம். அதற்குள் இரண்டு இடத்தில் வேலையைக் கெடுத்து வைத்திருந்தேன். "இன்னொரு தடவ தப்பு நடந்துச்சுன்னா நீங்க வூட்லயே இருந்துக்குங்கம்மா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நீ அப்போது தலையைக் குனிந்துகொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாய். கேட்காத மாதிரி இருப்பதில் நீ கெட்டிக்காரி.

பெரம்பலூர் ரோட்டுக் கல்குவாரியில் முதன்முதலாகச் சின்னப் பெட்டி வைத்தது அந்த வாரம்தான். நம்மிடம் இருந்தவை எல்லாம் பெரிய கணினிகளுக்குக் கட்டியவை. உள்ளே போகமாட்டேன் என்று பேக்கேஜ் அடம் பிடித்தது. நீ ஜெயங்கொண்டத்தில் வேறு வேலையில் இருந்தாய். மறுநாள் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோவிலில் என் மகளுக்கு மொட்டை. வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எந்த ரகத்துக்கு உரியது என்று பேக்கேஜுக்குள் ஒரு வரி இருக்குமல்லவா, அதை அழித்துவிட்டு 'எல்லாம்' என்று போட்டேன். சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. மேடையில் ஒரு லாரி நின்றது. இருபத்து நான்கு டன் சொச்சம் என்று திரை காட்டியது. லாரியைப் பார்த்தால் அவ்வளவு இருக்கும் போலத்தான் தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரை எந்த ரகத்திலும் வரும். எடையை வாசிக்கும் நிரல்துண்டு மட்டும் பழைய ரகத்துக்குக் கட்டியது, அது ஓடவே இல்லை. அது ஓடாவிட்டால் கடைசியாகப் பதிந்த எடையைத் திரை காட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகப் பதிந்தது நான் கடையில் சோதனைக்காக அடித்துப் போட்ட எண். பக்கத்திலேயே எடைக்கருவி தன் சிவப்பு எழுத்தில் உண்மையான எடையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

மறுநாள் நடந்ததை எனக்குச் சொன்னது நீ இல்லை, குவாரியில் எடை ஸ்லிப் அடிக்கும் ராமலிங்கம் அண்ணன். காலையில் இரண்டாவது லாரிக்காரரே சந்தேகப்பட்டிருக்கிறார். "ஏண்ணே, முன்னாடி போனவனுக்கும் எனக்கும் கிலோ கூட மாறலயே?" "ஒரே குவாரி கல்லுதானப்பா, போ போ" என்று அண்ணன் அனுப்பிவிட்டார். பிறகு காலி லாரி ஒன்று ஏறியது. அதற்கும் அதே எடை. அடுத்ததாக ஒருவன் வேண்டுமென்றே தன் மொபெட்டை மேடையில் ஏற்றி நிறுத்திக்கொண்டு, "அண்ணே, நம்ம வண்டியும் இருவத்து நாலு டன்னு. ஸ்லிப் அடிச்சுக் குடுங்க, வூட்ல காட்டணும்" என்றானாம். குவாரியே சிரித்திருக்கிறது. குவாரிக்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதற்குள் தப்பு ஸ்லிப்போடு வெளியே போன லாரிகளை எல்லாம் பாதி வழியில் திருப்பி வரவழைக்க வேண்டியதாயிற்று.

கடைக்கு ஃபோன் வந்ததும் நீ பஸ் ஏறிப் போயிருக்கிறாய். சிவப்பு எழுத்தில் வரும் எடையை ஒரு நோட்டில் கையால் எழுதச் சொல்லிவிட்டு, அந்தச் சின்னப் பெட்டியிலேயே வாசிக்கும் துண்டைத் திரும்பக் கட்டியிருக்கிறாய். அதற்குப் பாதி நாள் பிடித்தது. "பொம்பளைங்க வந்து கம்ப்யூட்டர நோண்டுனா இப்படித்தான் ஆவும்" என்று வரிசையில் நின்றவர்கள் உன் காதுபடச் சொன்னார்களாம். நீ சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம். திரும்பி வந்த ஒவ்வொரு லாரியையும் மேடையேற்றி, சிவப்பு எழுத்தும் திரையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்லிப் அடிக்க விட்டாயாம். கடைசியில் குவாரிக்காரர், "யாருங்க இதப் போட்டது?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றாய். ராமலிங்கம் அண்ணன் என்னைப் பார்த்தே இதைச் சொன்னார். முதல் நாள் வந்து போட்டது நான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பார்த்தது என் கையை, உள்ளே என்ன செய்தேன் என்பதை இல்லை. பின்னால் இருந்து வேலை சொன்னது நீ என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நான் கோவிலில் இருந்தேன். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். என் ஃபோன் பையில்தான் இருந்தது. உன்னிடமிருந்து ஓர் அழைப்புகூட இல்லை.

மறுநாள் பிரசாதப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தேன். "ஒங்க ஃப்ரெண்டு மானத்த வாங்கிட்டாங்கம்மா. இனிமே அவங்க அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு குவாரிக்காரரு சொல்லிட்டாரு" என்றார் முதலாளி. என்னவென்று விசாரித்தேன். பெட்டியை வைத்துவிட்டு வந்தது நான், பேக்கேஜைத் தப்பாகக் கட்டிக் கொடுத்தது நீ என்று அவரும் நம்பியிருந்தார். நீ உன் இடத்தில் உட்கார்ந்திருந்தாய். பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் பொங்கல் கொடுத்தேன். முதலாளிக்கும் கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்தான் உன்னிடம் வாயைத் திறந்தேன்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? ஒன்னய இன்னொரு தப்புன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னய அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ண முடியாது, அவருக்கு நான் வேணும்."

"ஒரு ஃபோனாவது அடிச்சிருக்கலாம்ல?"

"புள்ளைக்கு மொட்ட போடற அன்னைக்கி ஃபோன் அடிச்சு என்னத்தச் சொல்றது?"

"நான் போயி சொல்லிடறேன்டி."

"சொல்லு, சொல்லு. மொதல்ல பஸ்ஸ புடி, புள்ள அழுவும்" என்று சொல்லிச் சிரித்தாய்.

நான் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளம் கைக்கு வரட்டும் என்று நினைத்தேன், வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. உன் கணக்கு மட்டும்தான் தப்பாகிவிட்டது. முதலாளிக்கு நீ அப்படியொன்றும் வேண்டியிருக்கவில்லை. உன்னை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டுக் கடை வாசலில் உட்கார்த்தி, வருமானச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் நிரப்ப வைத்தார். அந்த மென்பொருள் முழுவதையும் எழுதியவள் நீ. நான் சுரங்கத்திலிருந்து ஃபோன் போட்டுச் சந்தேகம் கேட்பேன், நீ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டே பதில் சொல்வாய். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாய். பிறகு பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாய். இன்று கடையில் மூத்தவள் நான்.

அதற்குப் பிறகும் நாம் பேசாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை நீ ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நீ படுத்துவிட்டபோது முதலில் மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு வேறு ஏதோ பேர் சொன்னார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உன் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாய். வேண்டாம் என்று. என்மேல் இரக்கப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். சௌகரியமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் கோப்பில், புதிய குறிப்புக்குக் கீழேயே இன்னொரு வரி எழுதினேன். ஏழு வருஷத்துக்கு முந்தைய குறிப்பில் சொல்லியிருக்கும் தவறு என்னுடையது என்று என் பேர் போட்டு எழுதினேன். பேக்கேஜ் கட்டி முடிந்தது, இன்ஸ்டால் ஆனது, மூன்று லாரியை ஏற்றிச் சரிபார்த்தேன். திரும்பி வந்து முதலாளியிடமும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அவங்களே போய்ச் சேந்துட்டாங்க. நீங்க நாளைக்கி செந்துறை போவணும், மறந்துடாதீங்க" என்றார். ஏழு வருஷமாக எந்த மனிதருக்குப் பயந்தேனோ அவர் அவ்வளவுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பெரம்பலூருக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் கடையில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். டீ சொன்னார். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

அவர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், "அவதான் போட்டதா எங்கிட்டயும் சொன்னா" என்றார்.

கம்பியைக் கீழே வைத்தார்.

"வேலைய வுட்டுட்டு வந்து நின்னாளே, அன்னைக்கி நான் கேட்டேம்மா. ஒரு வரிய ஒழுங்கா எழுதத் தெரியாதவளுக்கு எதுக்குடி இந்த வேலைன்னு. அன்னைக்கி மட்டுமில்ல. சண்டை வர்றப்பல்லாம் அதத்தான் சொல்லிக் காட்டுவேன். மொபெட்டு இருவத்து நாலு டன்னுன்னு கேலி பண்ணுவேன், ஆளுங்க முன்னாடியே. ஒரு நாளாவது, நான் இல்லன்னு சொல்லலயே அவ."

டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"அவ இருக்கறப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "நான் அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருப்பேன்ல."

பிறகு காயிலைச் சுற்ற ஆரம்பித்தார். எத்தனை சுற்று வந்தோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் நீ தலையாட்டியது எனக்காக இல்லை என்று அரியலூர் பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. அந்த மனுஷன் இந்த நிலைக்கு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறாய். உன் பேரில் இருந்த தவறை எடுத்துவிடப் போய், உனக்கு அவர் செய்த தவறை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி அவர் சொன்ன ஒவ்வொரு சண்டையையும் நானும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம், கேட்டுக்கொள்ளத்தான் நீ இல்லை.