சாந்தினி என்றொரு ஆமை

9 செப்டம்பர் 2024, திங்கள். புந்தோங்

என் அம்மாதான் என்னைக் கொன்றாள்.

கோபத்தில் எழுதவில்லை. பதிவு அலுவலகக் கணினியில் இருப்பதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் பிறந்தவள் சரளா. கோலா கங்சார் பக்கம் தோட்டத்தில் இருந்தபோது ஐந்தாவது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் புதைத்தார்கள். யாரும் பதியவில்லை. அடுத்த வருடம் நான். அம்மா எனக்கென்று ஒரு தாள் எடுக்கவில்லை. சரளாவின் பிறப்புப் பத்திரம் சும்மாதானே கிடக்கிறது என்று அதையே எனக்கு வைத்துக்கொண்டாள். வீட்டில் சாந்தினி, பள்ளிக்கூடத்தில் சரளா.

சரளாவின் பத்திரப்படி பன்னிரண்டு வயதானதும், ஐ.சி. என்கிற அடையாள அட்டை எடுக்கப் போன அன்றுதான் கௌண்டரில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சரளா இறந்துவிட்டதாக 2006-லேயே பதிவாகியிருக்கிறது. "அப்ப இந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பன்னிரண்டு வருடமாக அதே பதில். அந்தச் சாவு அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? வேறு யார் போய்ப் பதிந்திருப்பார்கள்?

ஐ.சி. இல்லை. அதனால் லைசென்ஸ் இல்லை, பேங்க் இல்லை, காம்பார் காலேஜில் படிக்க இடம் இல்லை, ஃபேக்டரி வேலைகூட இல்லை. என் கைப்பேசி எண் அம்மா பெயரில்.

12 செப்டம்பர், வியாழன்

வயிரவன் வீட்டில் சமைக்கிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். வக்கீல். ஈப்போவில் பெரிய கேட் போட்ட வீடு. அவருடைய தாத்தாவுக்குத் தோட்டங்களில் பங்கு இருந்ததாம். என்னுடைய தாத்தாவும் தோட்டத்தில்தான் இருந்தார், ரப்பர் பால் வாளியோடு. 'சார்' என்று கூப்பிட்டால் வயிரவனுக்குப் பிடிக்காது. "அண்ணேன்னு கூப்புடு, நாமெல்லாம் ஒண்ணுதான்" என்பார்.

விடுமுறைக்குக் கேரவன் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கோலா குலா சதுப்பில் தொடங்கிச் செகாரி கடற்கரை வரை, நாலு ராத்திரி, ஹோட்டல் கிடையாது. சமைக்க நான் வரவேண்டுமாம்.

நான் முடியாது என்றுதான் சொல்ல இருந்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்: "ஒன்னோட டிரஸ்ஸர் செகாரி பக்கம்தானே வாடகைக்கு விடுற சாலே வச்சிருக்காரு? போற வழிதான். கடிதம் நான் ரெடி பண்றேன். ஒரு கையெழுத்து. முடிஞ்சிச்சி லா."

டிரஸ்ஸர் ஜெயபாலன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர். நான் பிறந்த அன்று மழையில் பாலம் மூழ்கிவிட்டது. தொழிலாளர் லயத்து வீட்டில் வைத்து என்னை வெளியே இழுத்தது அவர் கைதான். குடும்பத்துக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்கிறது பதிவு அலுவலகம். எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். அவர் இருக்கும் இடத்தை முகநூலில் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

போகிறேன்.

14 செப்டம்பர், சனி. கோலா குலா

கேரவனில் நாலு படுக்கை. மூன்று பேருக்கு மூன்று. நாலாவதில் டிரோன், மீன் தூண்டில், துண்டுகள். எனக்கு வெளியே கூடாரம். பரவாயில்லை, கூடாரத்தில் காற்று வருகிறது.

படகில் போனோம். சேற்றில் நீர்நாய்கள், ஒரு குடும்பமே, சண்டைக்காரப் பிள்ளைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. வயிரவன் மகள் தர்ஷனாவுக்கு ஒன்பது வயது. கத்தினாள். நானும் கத்தினேன். அதை மறைக்க மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு சின்னப் பறவைகள், ஆயிரம் இருக்கும். ஒன்றின் காலில் வளையம். படகுக்காரர் தொலைநோக்கியில் எண்ணைப் படித்துச் சொன்னார். சைபீரியாவில் போட்டதாம். எங்கே பிறந்தது, எந்த மாதம் கிளம்பியது, எல்லாம் தெரியுமாம்.

சாயங்காலம் வயிரவன் மனைவி சாலா அக்கா கேரவன் படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து சொன்னார்: "இப்படியே இருந்துறலாம் போல இருக்கு, சாந்தினி. வீடுன்னு ஒண்ணு எதுக்கு லா?"

2006-ல் தோட்டத்தை விற்று எங்களைக் கிளப்பியபோது கோயில் பக்கத்தில் கித்தான் கட்டி மூன்று வாரம் இருந்தோம். அப்பா அதில்தான் படுத்த படுக்கையானார். அதற்கு யாரும் சுதந்திரம் என்று பெயர் வைக்கவில்லை.

நான் வெங்காயம் நறுக்கினேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

காலையில் குரங்கு ரொட்டிப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வயிரவன் செருப்போடு துரத்தினார். குரங்கு மரத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டே தின்றது. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஆள் அதுதான்.

மத்தியானம் சாலையில் போலீஸ் நிறுத்தினார்கள். எல்லாருடைய ஐ.சி.யும் கேட்டார்கள். வயிரவன் தன் வக்கீல் அட்டையை நீட்டி, என் பக்கம் தலையை ஆட்டி, மலாயில், "வீட்டு வேலைக்காரி" என்றார். போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "இந்தோனேசியாவா?" என்று கேட்டார். வயிரவன் சிரித்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விட்டுவிட்டார்கள்.

"பாத்தியா, எப்படிச் சமாளிச்சேன்!" என்றார் வண்டியை எடுத்தபடி.

இதே மாநிலத்தில் பிறந்தவள், அண்ணே. அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது?

16 செப்டம்பர், திங்கள். செகாரி

மலேசியா தினம். ஜெயபாலனுடைய சாலேயில் கொடி கட்டியிருந்தார்கள். அவரே வாசலுக்கு வந்தார். வெள்ளை மீசை, கழுத்தில் உருத்திராட்சம், கோயில் தலைவராம். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கண் ஒரு நொடி வேறு பக்கம் ஓடியது. "காளியம்மா மகளா? வளந்துட்டியே பாப்பா" என்றார்.

பிறகு மீன் சுட்டார்கள். வயிரவனும் அவரும் இந்தக் கடற்கரையில் நிலம் என்ன விலை போகிறது என்று பேசினார்கள். பிறகு ஆமை. பிறகு மறுபடியும் நிலம். பீர் வந்தது. நான் இரண்டு தடவை, "அண்ணே, கடிதம்" என்றேன். "வர்றேன் மா, சாப்புட விடு" என்றார்.

கடிதம் இருந்த ஃபைல் மேசைமேல்தான் இருந்தது. சூடான மீன் தட்டை அதன்மேல் வைத்தார்கள், பலகை கருகிவிடக் கூடாது என்று. நான் தட்டை எடுத்து ஃபைலைத் துடைத்தேன். அட்டையில் வட்டமாக எண்ணெய்.

கிளம்பும்போது வயிரவன் காதோரம் சொன்னார்: "இன்னிக்கி கேட்டா நல்லா இருக்காது. மனுசன் இவ்வளவு மரியாத பண்ணியிருக்காரு. ஈப்போ போயி போன்ல பேசிக்கலாம்."

அவருக்கு மரியாதை. எனக்கு?

17 செப்டம்பர், செவ்வாய்

கடற்கரையில் கேரவன் நிற்கும் இடத்திலிருந்து ஜெயபாலனுடைய சாலேக்கு மூன்று கிலோமீட்டர். காலையில் கடல் வற்றியிருந்தது. பசியாற மேகி கிண்டி வைத்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு மணலில் நடந்தேன். ஒரு ஆள் இல்லை. மரத்தில் இரண்டு இருவாச்சிகள் கரகரத்துக்கொண்டிருந்தன. நான் நிற்கவில்லை.

அவர் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சூசா லா பாப்பா, கஷ்டம். வேற யாரையாச்சும் பாரு."

"வேற யாரு? நீங்கதானே என்னைய இழுத்து எடுத்தீங்க?"

"எடுத்தேன். இல்லேங்கல."

"அத எழுதிக் குடுங்க."

அப்போதுதான் சொன்னார். யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். பாலம் மூழ்கியிருந்தது, டவுனுக்குப் போய்ப் பதிய ஒரு நாள் சம்பளம் போகும், அப்பாவும் அம்மாவும் தயங்கினார்கள். 'பழைய பத்திரத்தையே வச்சிக்கோ காளியம்மா, யாரு பாக்கப் போறா' என்று சொன்னதே அவர்தானாம். பிறகு 2006. தோட்டம் கைமாறுகிறது, ஆஸ்பத்திரிப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும். சாவுப் புத்தகத்தில் இருந்தும் பதிவு அலுவலகத்தில் பதியாத பெயர்கள் ஏழெட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோய்ப் பதிந்துவிட்டார். அதில் ஒன்று சரளா.

"அந்தப் பேருல ஒரு பிள்ளை நடமாடிக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த நேரத்துல ஞாபகம் வரல."

"எங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

வலையில் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, "என் மகன் கவர்மெண்டுல இருக்கான். நான் இதுல கையெழுத்துப் போட்டா, தப்பு பண்ணேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார்.

"ஆமா. அப்படித்தான்."

எழுந்து உள்ளே போனார். வருவார் என்று நின்றேன். உள்ளே டிவி சத்தம் கூடியது. கேட்டில் எழுதியிருந்த அவருடைய போன் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி நடக்கும்போது கடல் ஏறிவிட்டது. முழங்கால் தண்ணீரில் ஃபைலைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பன்னிரண்டு வருடமாக அவளை என்னென்ன சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆமை நிலையத்துக்குப் போனோம். குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்கு அவ்வளவு அவசரம். தர்ஷனா ஒன்றைத் தத்து எடுத்தாள். பெயர் எழுதி, எண் போட்டு, முத்திரை குத்தி, சான்றிதழ் கொடுத்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அவள் ஓடிவந்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒங்க பேருதான் வச்சேன்! சர்ப்ரைஸ்!"

பெயர்: சாந்தினி. பிறந்த தேதி, பிறந்த இடம், எண். எல்லாம் இருந்தது.

பிள்ளை மனதில் ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு கேரவனுக்குப் பின்னால் போய் டயரை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது.

18 செப்டம்பர், புதன்

வீடு. விரல் வலி. பேச ஆள் வேண்டாம்.

21 செப்டம்பர், சனி

அம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நான் ஜெயபாலன் பெயரைச் சொன்னதும், "டிரஸ்ஸரய்யா நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். ஐயாவாம்! பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் சொன்னேன்.

அம்மா கேட்டாள்: "அப்ப நான் சாகடிக்கலையா?"

நான் சொன்ன வார்த்தை. எத்தனை தடவை சொல்லியிருந்தால் அவள் அதை நம்பியிருப்பாள்.

"பொய்ப் பத்திரம் வச்சிருந்தேன்னு புடிச்சி உள்ள போட்டா, ஒன்னைய யாரு பாத்துக்குவாங்க? அதுக்குத்தான் டி வாயத் தொறக்கல. நீ பத்து வயசு, ஒங்கப்பாவும் இல்ல."

"இப்ப எனக்கு இருபத்திரண்டு, ம்மா."

"ஆமா" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கணக்குப் போடுகிற மாதிரி.

30 செப்டம்பர், திங்கள்

வயிரவன் ஜெயபாலனுக்குப் போன் போடவே இல்லை. "கொஞ்சம் பொறுமையா இரு மா, இதெல்லாம் டைம் எடுக்கும்." ஃபைலில் இருந்த என் தாள்களை எடுத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாலா அக்காவுக்கு அதிர்ச்சி. "நாங்க ஒன்னைய குடும்பத்துல ஒருத்தியாத்தானே வச்சிருந்தோம்?"

"நாலாவது படுக்கையில டிரோன் இருந்துச்சிக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற தர்ஷனாவுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அழுதாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நாளையிலிருந்து மார்க்கெட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ வேண்டும். ஐ.சி. கேட்கவில்லை. கேட்காத இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

11 அக்டோபர், வெள்ளி

அம்மா லீவு போட்டாள். தீபாவளிக்கு வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கௌண்டரில் ஒரு பெண் அதிகாரி. அம்மாவின் மலாய் தோட்டத்து மலாய், உடைந்து உடைந்து வரும். ஆனால் சொன்னாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "செத்தது சரளா. இது சாந்தினி. ரெண்டும் நான் பெத்தது. தப்பு பண்ணது நானு."

யாரும் அவளைப் பிடித்து உள்ளே போடவில்லை. அந்தப் பெண் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் டைப் செய்தார். படித்துக் காட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள், காளியம்மா என்று, ஒவ்வொரு எழுத்தாக. கடைசியில் அவர் சொன்னது: பிறப்பை நேரில் பார்த்த வெளியாள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். 31-ஆம் தேதிக்குள் கொண்டுவந்தால் இதே ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பஸ் நிற்கும் இடத்தில் அம்மா ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தாள், சின்னப் பிள்ளைக்கு வாங்கித் தருவது போல. பிறகு, "டிரஸ்ஸரய்யாவுக்கு எழுது. நான் பேரு சொல்றேன், தேதி சொல்றேன், நீ எழுது" என்றாள்.

எழுதினேன்:

"ஐயா, நான் சாந்தினி. காளியம்மா மகள். 2001 டிசம்பர் 19, பாலம் மூழ்கிய அன்று, இரண்டாம் நம்பர் லயத்தில் நீங்கள் இழுத்து எடுத்த பிள்ளை. உயிரோடு இருக்கிறேன். 31-ஆம் தேதிக்குள் ஈப்போ வாருங்கள். இதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

நாலு பத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாலு பன்னிரண்டுக்கு இரண்டு கோடும் நீலமாகிவிட்டது, படித்துவிட்டார்.

இப்போது மணி ஏழு நாற்பது, பதில் இன்னும் வரவில்லை. அம்மா சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.